புத்தி கூடினால் படிப்பும் கூடுமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் ஒரு மந்திரவாதி நான்காம் லெவலுக்கு வருகிறார். மூன்றாம் பதிப்பின் விதிப்படி, தன்னுடைய ஆறு குணங்களில் ஏதாவது ஒன்றை ஒரு புள்ளி உயர்த்திக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. 17 ஆக இருந்த புத்தியை 18 ஆக்கிக்கொள்கிறார். கேரக்டர் ஷீட்டில் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதியாயிற்று. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இந்தப் பதிப்பில் ஒருவர் எத்தனை வித்தைகளை எவ்வளவு ஆழமாகக் கற்றிருக்கிறார் என்பதை அவருடைய புத்திதான் பெருமளவு தீர்மானிக்கிறது. முதல் மூன்று லெவல்களில் அவர் கற்றதெல்லாம் 17 என்ற புத்தியோடு கற்றது. இன்று புத்தி உயர்ந்துவிட்டது என்பதற்காக, அன்று படிக்காமல் விட்டதும் இன்று தெரிந்துவிடுமா? நாளைக்கு ஒரு சாபத்தால் புத்தி குறைந்தால், கற்றதெல்லாம் கரைந்துபோகுமா? விளையாட்டு நூல்கள் இதற்கு ஒரே பதிலைச் சொல்லவில்லை. அவற்றில் ஒரு பதில் சரி, இன்னொன்று தவறு என்பது என் கட்சி.

விளையாட்டைக் கண்ணால் பார்க்காதவர்களுக்குச் சில வரிகள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று வாயால் சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதை இருபது முகங்கள் கொண்ட பகடை முடிவு செய்யும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய இந்த விளையாட்டு 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வெளியானது. பலம், லாகவம், உடலுறுதி, புத்தி, விவேகம், வசீகரம் என்று ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று சாதாரணப் பகடைகளை உருட்டி, 3 முதல் 18 வரை ஓர் எண் வாங்க வேண்டும். அந்த முதல் பதிப்பில், மந்திரவாதியைத் தவிர மற்றவர்களுக்குப் புத்தியால் பெரிய பயன் இல்லை. பத்துக்கு மேல் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் கூடுதலாக ஒரு மொழி கற்கலாம், அவ்வளவுதான். 1978இல் வந்த அட்வான்ஸ்ட் பதிப்பு, மந்திரங்களைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பைப் புத்தியோடு சேர்த்து முடிச்சுப் போட்டது. நீச்சல், குதிரையேற்றம், பழங்கால வரலாறு போன்ற வித்தைகளைப் புத்தியைக் கொண்டு அளந்து கொடுக்கும் முறை முழு வடிவம் பெற்றது 2000இல் வெளியான மூன்றாம் பதிப்பில்தான்.

அந்த முறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். புத்தி எண்ணிலிருந்து 10ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, மிச்சத்தை விட்டுவிட்டால் கிடைப்பது மாடிஃபையர். 17க்கு மூன்று, 18க்கு நான்கு. ஒவ்வொரு லெவலிலும் கிடைக்கும் திறமைப் புள்ளிகள், தொழிலுக்கு உரிய எண்ணும் இந்த மாடிஃபையரும் சேர்ந்தவை. மந்திரவாதிக்கும் போர்வீரனுக்கும் தொழில் தருவது இரண்டு, திருடனுக்கு எட்டு. முதல் லெவலில் மட்டும் இதை நான்கால் பெருக்க வேண்டும். பாத்திரம் வளர்ந்து ஆளாகும்வரை கற்றதெல்லாம் அதில் அடக்கம். ஆக, நம் மந்திரவாதி மனித இனத்தவர் அல்லர் என்று வைத்துக்கொண்டால் (மனிதர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் சலுகை உண்டு), முதல் லெவலில் ஐந்தை நான்கால் பெருக்கி 20 புள்ளி, அடுத்த இரண்டு லெவல்களில் ஐந்தைந்து, புத்தி உயர்ந்த நான்காம் லெவலில் ஆறு. மொத்தம் 36. இவர் பிறப்பிலேயே 18 புத்தியோடு இருந்திருந்தால் 42 கிடைத்திருக்கும். விடுபட்ட அந்த ஆறு புள்ளியைப் பற்றித்தான் பேச்சு.

அரசு ஊழியர் குடும்பங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சம்பள உயர்வு அறிவித்தால், அது இந்த மாதம் முதலா, முன்தேதியிட்டா என்பதுதான் வீட்டில் எழும் முதல் கேள்வி. முன்தேதியிட்டால் அரியர்ஸ் உண்டு. மூன்றாம் பதிப்பும், அதைத் திருத்தி 2003இல் வந்த 3.5 பதிப்பும் அரியர்ஸ் கிடையாது என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தன: புத்தி உயர்ந்தாலும் கடந்த லெவல்களுக்கான திறமைப் புள்ளிகள் பின்னோக்கிக் கிடைக்காது. 3.5இன் வழியில் 2009இல் பைசோ நிறுவனம் வெளியிட்ட பாத்ஃபைண்டர் எதிர்த்திசையில் போனது. அங்கே புத்தி நிலையாக உயர்ந்தால் அரியர்ஸ் முழுவதும் வந்து சேரும். ஏழாம் லெவலில் மாடிஃபையர் ஒன்று கூடினால், ஏழு லெவலுக்கும் ஏழு புள்ளி ஒரே நாளில் கிடைக்கும். கணக்குக்கு எளிது, ஆட்டக்காரருக்கு இலாபம். என்றாலும் 3.5 பதிப்புதான் மனிதரைச் சரியாகப் புரிந்துகொண்டது என்று நினைக்கிறேன். கற்றது காலத்தில் கிடைப்பது. புத்தி அந்தக் காலத்தை எவ்வளவு நன்றாகப் பயன்படுத்த முடியும் என்பதைத் தீர்மானிக்கலாம். கழிந்துபோன காலத்தைத் திருப்பிக் கொடுக்க அதனால் முடியாது.

இதற்கு விளையாட்டுக்கு வெளியே ஆதாரம் இருக்கிறது. உளவியலாளர் ரேமண்ட் கட்டெல் 1940களிலேயே புத்தியை இரண்டாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். முன்பின் பழகாத புதிரை அவிழ்க்கும் திறன் ஒன்று. கல்வியாலும் அனுபவத்தாலும் சேர்ந்து இறுகிய அறிவு மற்றொன்று. முதலாவது இளமையில் உச்சம் தொட்டு மெல்லக் குறைகிறது. இரண்டாவது முதுமைவரை பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது, பலருக்கு வளரவும் செய்கிறது. ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்க முடிகிறது என்றால், ஒன்றின் எண்ணை வைத்து மற்றொன்றின் மொத்தத்தைத் திருத்தி எழுதுவதற்கு அடிப்படை இல்லை.

இதைவிடக் கூர்மையான ஆதாரம் ஹென்றி மோலைசன் என்ற ஒரே மனிதரின் வாழ்க்கையில் கிடைக்கிறது. கடுமையான வலிப்பு நோயால் துன்பப்பட்ட இந்த அமெரிக்கருக்கு 1953இல், 27 வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற மருத்துவர் மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் உள்ளிட்ட பகுதிகளை வெட்டி எடுத்தார். அதன்பின் 2008இல் இறக்கும்வரை, புதிதாக நடந்த ஏறக்குறைய எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. சற்று முன் பேசியவரையே மறுபடி அறிமுகம் செய்துகொள்வார். ஆனால் நுண்ணறிவுச் சோதனையில் அறுவைக்கு முன் 104 ஆக இருந்த எண், பின்னர் 112 என்று வந்தது. இளமைக்கால நினைவுகளும் மொழியும் பெருமளவு அப்படியே இருந்தன. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: காகிதத்தில் அச்சிட்ட நட்சத்திரத்தின் இரட்டைக் கோட்டுக்குள் பென்சில் ஓட்ட வேண்டும். கையை நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். முதலில் யாருக்கும் கை தவறான பக்கம்தான் போகும். மோலைசனுக்கும் அப்படியே போனது. அடுத்தடுத்த முயற்சிகளில் தவறுகள் குறைந்தன. மூன்றாம் நாளில் அவர் ஏறக்குறைய கோடு பிசகாமல் வரைந்தார். அந்தப் பயிற்சியை முன்பு செய்த ஞாபகமே அவருக்கு இல்லை. நுண்ணறிவு எண் ஒன்று, ஏற்கெனவே கற்ற அறிவு ஒன்று, புதிய செய்திகளைச் சேர்த்துவைக்கும் ஆற்றல் ஒன்று, கையில் படியும் பழக்கம் ஒன்று என்று நான்கும் தனித்தனியாக நிற்பதை இந்த ஒரு மனிதரிடமே பார்க்கலாம். நுண்ணறிவு எண் எட்டுப் புள்ளி உயர்ந்ததால் அவருக்குப் புதிதாக ஒரு மொழியோ ஒரு தொழிலோ தெரிந்துவிடவில்லை.

மோலைசன் கதை என் வாதத்துக்கே எதிராகத் திரும்பாதா என்று கேட்கலாம். 112 புத்தியுள்ள ஒருவரால் புதிதாக ஏறக்குறைய எதையும் நினைவில் வைக்க முடியவில்லை என்றால், புத்திதான் கற்கும் வேகம் என்ற 3.5 பதிப்பின் கருத்தும் அடிபட்டுப் போகிறதே. உண்மைதான், ஒரே எண்ணில் இவ்வளவையும் அடக்க முயல்வது முரட்டுத்தனமான எளிமை. ஆனால் அதனால் அரியர்ஸ் கட்சிக்கு வலு கூடவில்லை. கற்ற கையிருப்பும் புத்தியும் வேறு வேறு என்பது இன்னும் உறுதியாகிறது. வேறொருவர் இப்படி மறுக்கலாம்: படிப்பே புத்தியை வளர்க்கிறது அல்லவா, இரண்டையும் எப்படிப் பிரிப்பது? இதுவும் சரியான செய்தி. 2018இல் ஸ்டூவர்ட் ரிச்சியும் எலியட் டக்கர்-டிராபும் ஆறு லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் நுண்ணறிவு எண்ணை ஒன்று முதல் ஐந்து புள்ளிவரை உயர்த்துவதாகக் கண்டார்கள். அம்பு எந்தப் பக்கம் பாய்கிறது என்று கவனியுங்கள். ஆண்டுக்கணக்கான படிப்பிலிருந்து புத்திக்குப் பாய்கிறது. ஓரிரவில் ஏறிய புத்தியிலிருந்து, படிக்காத பாடத்துக்குப் பாய்வதாக அந்த ஆய்வு சொல்லவில்லை.

அரியர்ஸ் விதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, முதுமை விதியை எடுத்துக்கொள்ளலாம். 3.5இலும் பாத்ஃபைண்டரிலும் மனிதப் பாத்திரத்துக்கு 35 வயதானால் பலம், லாகவம், உடலுறுதி மூன்றும் ஒவ்வொரு புள்ளி குறையும். புத்தி, விவேகம், வசீகரம் மூன்றும் ஒவ்வொரு புள்ளி ஏறும். பத்தாம் லெவலில் இருக்கும் ஒருவருக்கு 15 ஆக இருந்த புத்தி அன்று 16 ஆகிறது. மாடிஃபையர் இரண்டிலிருந்து மூன்று. பாத்ஃபைண்டர் விதியை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், பிறந்தநாளன்று காலையில் எழுந்திருக்கும்போது பத்துத் திறமைப் புள்ளிகள் கூடுதலாக இருக்கின்றன. நேற்றுவரை பூட்டைத் தொட்டே பார்க்காதவர் இன்று தேர்ந்த பூட்டுத் திறப்பாளர் ஆகிவிடலாம். 3.5இல் அதே மனிதர் அடுத்த லெவலிலிருந்து ஒரு புள்ளி கூடுதலாகக் கற்பார், அவ்வளவே. இந்த இரண்டில் எது நாம் அறிந்த நடுவயதுக்கு அருகில் இருக்கிறது என்பதை வாசகரே சொல்லலாம்.

எதிர்க்கட்சியின் முதல் வலுவான கேள்வி உடலுறுதி பற்றியது. அதே 3.5 பதிப்பில் உடலுறுதி உயர்ந்தால், எல்லா லெவலுக்கும் சேர்த்து உயிர்ப்புள்ளிகள் உடனே கூடுகின்றன. உடம்புக்கு அரியர்ஸ் தரும் விதி, மூளைக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? ஒரே நூலுக்குள் இரண்டு நீதியா? கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே வகைப் பொருள் அல்ல. உயிர்ப்புள்ளி என்பது இந்த உடம்பு இப்போது எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு. கடந்த காலத்தில் யாரும் அதைச் சம்பாதித்து வைக்கவில்லை. பலம் கூடினால் இன்றே அதிகச் சுமை தூக்கலாம் என்பதைப் போன்றதுதான் அது. நீச்சலில் நான்கு ரேங்க் (திறமைப் புள்ளியைச் செலவிட்டு வாங்கும் படி) என்பதோ, யாரோ ஒருவர் ஏதோ ஒரு குளத்தில் இறங்கிக் கைகால் அடித்துப் பழகிய நாட்களின் பதிவு. முதலாவது நிலை, இரண்டாவது வரலாறு. நிலை மாறினால் கணக்கு மாறலாம். நடக்காத வரலாற்றை எழுதிச் சேர்க்கக் கூடாது.

இரண்டாவது கேள்வி கணக்கு வழக்கு பற்றியது. இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் மேசையில் உட்கார்ந்து விளையாடுகிறவர்களின் உண்மையான தலைவலி அது. டன்ஜன் மாஸ்டர் ஒரு வில்லனை உருவாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்: 12ஆம் லெவல் மந்திரவாதி, புத்தி 18. அரியர்ஸ் விதியில் 3.5இன் கணக்கைப் போட்டால் ஒரே பெருக்கலில் முடிந்தது: ஆறு பெருக்கல் பதினைந்து, 90 புள்ளி. அரியர்ஸ் இல்லை என்றால், இந்த 18 எப்போது 18 ஆனது என்று தேட வேண்டும். பிறக்கும்போது 15, நான்காம் லெவலில் 16, எட்டில் 17, பன்னிரண்டில் 18. முதல் லெவலுக்கு 16, அடுத்த இரண்டுக்கு எட்டு, நான்கு முதல் பதினொன்றுவரை 40, கடைசி லெவலுக்கு ஆறு, ஆக 70. கதையில் கால் மணி நேரம் வந்து சாகப்போகும் ஒருவனுக்காக இவ்வளவு கூட்டல் யார் போடுவது? ஒரே லெவல், ஒரே புத்தி கொண்ட இரண்டு பேருக்கு வெவ்வேறு மொத்தம் வருவதால், ஷீட்டைப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கவும் முடியாது. பாத்ஃபைண்டர் முதல் லெவலின் நான்கு மடங்கு விதியையும் சேர்த்து எடுத்துவிட்டதால், அங்கே கணக்கு இன்னும் சுத்தமாக இருக்கிறது.

இந்தத் தலைவலி யாருக்கு வருகிறது என்று பார்த்தால், மொத்தமாக உட்கார்ந்து ஒரே நாளில் பாத்திரம் செய்கிறவருக்கு. முதல் லெவலிலிருந்து விளையாடி ஏறி வரும் ஆட்டக்காரருக்கு நிலைமை நேர்மாறு. அவர் ஒவ்வொரு லெவலிலும் கிடைத்ததை எழுதிக்கொண்டே வந்தவர். அரியர்ஸ் இல்லாத விதி அவரை ஒருநாளும் பின்னால் திரும்பிப் பார்க்கச் சொல்வதில்லை. அரியர்ஸ் விதிதான் புத்தி மாறும்போதெல்லாம் பழைய லெவல்களைத் திரும்ப எண்ணச் சொல்கிறது. வில்லனுக்குக் குறுக்குவழிக் கணக்குப் போட்டால் யாருக்கும் அநீதி இல்லை. அவனுடைய குழந்தைப் பருவத்தை யாரும் விளையாடவில்லை. விளையாடிய பாத்திரத்துக்கு அந்தக் குறுக்குவழி வேண்டாம். ஒரே எண் கொண்ட இரண்டு பேருக்கு வெவ்வேறு மொத்தம் வருவதையும் குறையாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பிறப்பிலேயே கூர்மையாக இருந்தவரும், பன்னிரண்டு லெவல் போராடி அந்தக் கூர்மைக்கு வந்தவரும் வேறு வேறு வாழ்க்கை வாழ்ந்தவர்கள். அந்த வேறுபாடு ஷீட்டில் தெரிய வேண்டும்.

புத்தி குறையும்போதுதான் இரண்டு விதிகளின் தன்மையும் முழுதாக வெளிப்படுகிறது. இந்த விளையாட்டில் புத்தியைத் தின்னும் ஆபத்துகளுக்குப் பஞ்சமில்லை. நஞ்சும் சாபமும் பேயும் புள்ளி புள்ளியாக அதை உறிஞ்சும். நிலையாக உறிஞ்சப்பட்டால் திறமைப் புள்ளிகளையும் இழக்க நேரலாம் என்கிறது பாத்ஃபைண்டர். அரியர்ஸ் கொடுக்கும் விதி பிடித்தமும் செய்துதானே ஆக வேண்டும். 12 புத்தியும் எட்டாம் லெவலும் கொண்ட ஒரு போர்வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். லெவலுக்கு மூன்று வீதம் 24 புள்ளி. புத்தி 10க்கு இறங்கினால் லெவலுக்கு இரண்டு, ஆகப் பதினாறு. எட்டுப் புள்ளி போக வேண்டும். எதிலிருந்து? அவன் ஆற்றோரத்தில் வளர்ந்தவன், நீச்சலில் எட்டு ரேங்க் வைத்திருக்கிறான். குதிரையேற்றத்திலும் மலையேற்றத்திலும் எட்டெட்டு. இந்த மூன்றில் ஒன்று முழுதாக அழிய வேண்டும், அல்லது மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும். மூளையைத் தாக்கிய நஞ்சால் அவன் நீச்சலை மறந்து ஆற்றில் மூழ்குகிறான் என்று கதை நடத்துபவர் சொல்ல வேண்டிவரும். மோலைசனின் கை கற்றதை நினைத்துப் பார்த்தால், முதலில் போகும் என்று இந்த விதி சொல்லக்கூடியதுதான் உண்மையில் கடைசிவரை நிற்கக்கூடியது. முதுமை மறதி நோய் வித்தைகளையும் பறிக்கிறதே என்று கேட்டால், ஆம், பறிக்கிறது. ஆனால் அங்கேயும் அண்மைக்கால நினைவுதான் பொதுவாக முதலில் போகிறது, நெடுநாள் பழகிய கைவேலை பெரும்பாலும் நீடிக்கிறது. லெவலுக்கு ஒன்று வீதம் எல்லாவற்றிலும் பிடித்தம் செய்யும் நோய் எதுவும் இல்லை.

விதி எழுதியவர்களின் உள்ளுணர்வே வேறொன்றைச் சொல்லும் இடம், ஃபீபிள்மைண்ட் என்ற மந்திரம். 3.5இல் இதற்கு ஆளானவரின் புத்தியும் வசீகரமும் ஒன்றுக்கு இறங்கிவிடும். பேச முடியாது, மொழி புரியாது, மந்திரம் போட முடியாது, புத்தி சார்ந்த எந்தத் திறமையையும் பயன்படுத்த முடியாது. ஆனாலும் தன் நண்பர்கள் யார் என்று அவருக்குத் தெரியும். அவர்கள் பின்னால் போவார், ஆபத்து வந்தால் அவர்களைக் காக்கவும் செய்வார். தகுந்த குணமாக்கும் மந்திரம் கிடைத்த நொடியில் எல்லாம் திரும்பிவிடும். பயன்படுத்த முடியாது என்றுதான் விதி சொல்கிறது, இழந்தார் என்று சொல்லவில்லை. கற்றது உள்ளே இருக்கிறது, எட்டவில்லை. புத்தி குறைவதைப் பற்றி இந்த விளையாட்டில் எழுதப்பட்டவற்றில் மிகவும் மனிதத்தன்மை கொண்டது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தற்காலிக உயர்வுக்கு வந்தால் இரு பதிப்புகளும் சுவாரசியமான வழிகளைத் தேடின. புத்தியை உயர்த்தும் மந்திர நெற்றிப்பட்டை ஒன்று இந்த உலகில் விற்கிறது. இரண்டு புள்ளி உயர்த்துவதற்கு 4,000 பொற்காசு. 3.5இல் இதை அணிந்தால் புத்தி சார்ந்த பகடை வீச்சுகள் மேம்படும், திறமைப் புள்ளி மட்டும் கிடைக்காது. பாத்ஃபைண்டரில் இந்த இரண்டு புள்ளி நெற்றிப்பட்டை ஒவ்வொன்றிலும் செய்யும்போதே ஒரு குறிப்பிட்ட திறமை பதிந்திருக்கும். ஒரு நாள் முழுக்க அணிந்தால், லெவலுக்கு ஒன்று வீதம் அந்தத் திறமையில் ரேங்க் கிடைக்கும், கழற்றினால் போய்விடும். அணிந்தவர் எதையும் கற்கவில்லை, கற்றது பட்டைக்குள் இருக்கிறது. அரியர்ஸ் கட்சியே இங்கே என் பக்கம் வந்துவிட்டது என்றுதான் சொல்வேன். உயர்ந்த புத்தி தானாக எந்தப் பாடத்தையும் கொண்டுவராது, யாரோ அதை உள்ளே வைக்க வேண்டும் என்று அந்தப் பட்டையைச் செய்தவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இந்தக் கயிற்றையே அறுத்துவிட்டது. எந்தெந்தத் திறமையில் தேர்ச்சி என்பதை அங்கே தொழிலும் பாத்திரத்தின் பின்னணியும் முடிவு செய்யும். புத்தி ஏறினாலும் இறங்கினாலும் எண்ணிக்கை மாறாது. நல்ல முடிவு, ஆனால் அரைகுறை. அதன் நெற்றிப்பட்டை அணிந்தவரின் புத்தியை 19 ஆக்கிவிடும். 8 புத்தி கொண்ட காட்டு வீரன் அதை அணிந்தால் வரலாற்றுக் கேள்விக்கு நான்கைக் கூட்டிக்கொள்வான். 14 புத்தியோடு வரலாற்றைப் படித்துத் தேர்ந்த முதல் லெவல் அறிஞர் கூட்டுவதும், புத்திக்கு இரண்டு, தேர்ச்சிக்கு இரண்டு என்று அதே நான்குதான். ஏடு தொடாதவனும் ஏட்டோடு வளர்ந்தவரும் அங்கே சமம். 3.5இல் இது நடக்காது: பயிலாதவர் எவ்வளவு கூர்மையானவராக இருந்தாலும், ஊரறிந்த பொதுச்செய்திக்கு மேல் எதையும் அவரால் சொல்ல முடியாது என்று விதியே இருக்கிறது. பாத்ஃபைண்டரின் 2019ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு நடுவழி கண்டது. புத்தியின் மாடிஃபையர் உயர்ந்தால் புதிதாக ஒரு திறமையும் ஒரு மொழியும் கிடைக்கும். அந்தத் திறமை தொடக்க நிலையில்தான் கிடைக்கும். திடீர் வல்லுநர் உருவாவதில்லை என்பதால் இதை ஏற்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு வேறொரு விளையாட்டில் இருக்கிறது. 1981இல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட கால் ஆஃப் கதுல்ஹுவில் புத்தியும் கல்வியும் இரண்டு தனிக் குணங்கள். அதன் ஏழாம் பதிப்பில், தொழில் சார்ந்த திறமைகளுக்குப் புள்ளி பெரும்பாலும் கல்வியிலிருந்து வரும். சொந்த ஆர்வங்களுக்கான புள்ளி புத்தியிலிருந்து வரும். வயது கூடிய பாத்திரமாகத் தொடங்கினால் கல்வியை உயர்த்திக்கொள்ள அதிக வாய்ப்புகள் கிடைக்கும். நாற்பதுகளில் இரண்டு, ஐம்பதுகளில் மூன்று. புத்தி அப்படியே இருக்கும். கட்டெல் சொன்ன இரண்டு புத்தியும் இங்கே இரண்டு கட்டங்களில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றன.

இதெல்லாம் கற்பனை உலகம், நாகங்கள் நெருப்பைக் கக்கும் இடத்தில் கல்வியின் இயல்பைப் பற்றி ஏன் கவலை என்று கடைசியாக ஒரு மறுப்பு வரும். நாகத்தை யாரும் நம்பி விளையாடுவதில்லை. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று வாரந்தோறும் கூடி ஒரு பாத்திரத்தை வளர்க்கிறவர்கள், அந்தப் பாத்திரம் பட்ட பாட்டை நம்பித்தான் வளர்க்கிறார்கள். தெளிசிந்தனை நூல் என்று இந்த விளையாட்டில் ஒரு மந்திரப் புத்தகம் உண்டு. புத்தியை நிலையாக உயர்த்தும். அதன் பயனைப் பெற, குறைந்தது ஆறு நாட்களில் மொத்தம் 48 மணி நேரம் உட்கார்ந்து படிக்க வேண்டும். மந்திரத்துக்கும்கூடப் படிக்க நேரம் வேண்டும் என்று எழுதியவர்கள், நேரமே இல்லாமல் வித்தையை அள்ளிக்கொடுக்கும் விதியை எழுத வேண்டிய தேவை இல்லை.

ஆகவே மேசை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆட்டக்காரர் ஒருவரின் புத்தி உயர்ந்தால், அவர் அன்று தவறவிட்டதைக் கற்க ஆசைப்படுவது நியாயம். அதற்குக் கதைக்குள்ளேயே வழி கொடுங்கள். ஒரு ஆசிரியர், கொஞ்சம் பொற்காசு, சில வாரங்கள் போதும். ஐந்தாம் பதிப்பின் துணைநூல் ஒன்று புதிய மொழி கற்கப் பத்து வாரம் கேட்கிறது, புத்தியின் மாடிஃபையருக்கு ஒரு வாரம் வீதம் அதில் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது; அதையே எடுத்துக்கொள்ளலாம். புத்தி குறைந்தால் மாடிஃபையர் எழுதிய கட்டத்தை மட்டும் திருத்துங்கள். பக்கத்தில் இருக்கும் ரேங்க் கட்டத்தில் கை வைக்காதீர்கள்.